டவர் எட்டாத வகுப்பறைக்கு இணையத்தைக் கொண்டுபோவது எப்படி

தேன்கனிக்கோட்டையில் காலையில் அஞ்செட்டி பஸ் ஏறினால், காடு தொடங்கும் இடத்தில் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். நான் இறங்கும் நிறுத்தத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் டவர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துப் புங்க மரத்தடி. அங்கேயும் அது வரும், போகும். பதினொரு வருடமாக அந்தப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன்.

கற்க, கற்பிக்க இணையத்தில் எவ்வளவோ இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்கள். நீளமான பட்டியலும் தருவார்கள். எனக்குக் கைகொடுத்தது பட்டியல் அல்ல, ஒரு பழக்கம். நெட் இருக்கும் இடத்தில் இறக்கி எடுத்துக்கொண்டு, நெட் இல்லாத இடத்தில் நடத்துவது. கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திப் போகிற வேலை மாதிரிதான். குடம் ஒழுகுகிறதா என்பதைக் கிணற்றடியிலேயே பார்த்துவிட வேண்டும்.

தளி, கெலமங்கலம், பெண்ணாகரம், சித்தேரி, வத்தல்மலை என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் என்னைப் போல எத்தனையோ பேர் டவர் தேடிக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்காகவும், சாயங்காலத்தில் திண்ணையில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் தங்கை தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏரோபிளேன் மோடு

நான் இதைத் தொடங்கிய வருடம், ஒரு செயலியில் செரிமான மண்டலம் பற்றிய வீடியோவைத் தேடிப்பிடித்து, வீட்டிலேயே ‘சேமி’ பொத்தானை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் வகுப்பில் ஜன்னல்களைச் சாத்தி, ப்ரொஜெக்டர் போட்டு, 26 பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துத் திறந்தால், வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பொத்தான் சேமித்தது வீடியோவை அல்ல, அதன் முகவரியை மட்டும். அந்தப் பாடவேளை போனது போனதுதான். கடைசி பெஞ்சில் இருந்து எட்டி எட்டிப் பார்த்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாவற்றையும் இறக்கிய பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போடுவேன். திறந்திருக்கும் செயலிகளை எல்லாம் மூடுவேன். பிறகு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து திறந்து, நடுவில் ஓட்டி, கடைசி வரை போகிறதா என்று பார்ப்பேன். மடிக்கணினியிலும் வைஃபையை அணைத்துவிட்டு இதையே செய்வேன். இதில் தேறியதுதான் பைக்குள் போகும். யூடியூப் செயலிக்குள் டவுன்லோடு செய்த வீடியோக்களில் கவனமாக இருங்கள். அவை அந்தச் செயலிக்குள்ளேதான் திறக்கும், பென்டிரைவில் போட முடியாது. சில நாள் நெட்டைத் தொடாமல் விட்டால் திறக்கவும் மறுக்கும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. பள்ளி மடிக்கணினி, 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று, அதைப் போனில் செருகுவதற்கு ஒரு ஓடிஜி. கோப்புப் பெயரை எண்ணில் தொடங்குங்கள்: 6-02-1, 6-02-2 என்று வகுப்பு, பாடம், வரிசை. சில டிவிகளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்த நேரத்தில் எண்தான் காப்பாற்றும்.

பாடப்புத்தகத்திலேயே இருப்பது

புதிதாகத் தேட ஆரம்பிக்கும் முன் கையில் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள். 2018இல் தொடங்கி வந்த நம் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி வரும். புத்தகம் கிழிந்து குறியீடு பாதி போயிருந்தால், அதற்குக் கீழே இருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டினாலும் போதும். இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. செயலிக்குள் டவுன்லோடு குறி உண்டு, நெட் இல்லாமலும் ஓடும்.

பாடத்தின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம் வரும். முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் பல வருடம் தாண்டித்தான் போனேன். கணக்குப் புத்தகத்தில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணித மென்பொருளுக்கும், அறிவியலில் பல இடங்களில் ஃபெட் என்ற அறிவியல் மாதிரிகளின் தளத்துக்கும் கூட்டிப்போகும். பாடத்துக்குப் பொருத்தமானதை வேறொரு ஆசிரியர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார் என்றால் நம் வேலையில் பாதி முடிந்தது.

கல்வி தொலைக்காட்சியின் யூடியூப் பக்கமும், பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியும் நம் பாடத்திட்டத்தை ஒட்டியே இருப்பதால் நம்பி எடுக்கலாம். பெயரே ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ குறளிலிருந்து வந்தது. பிள்ளைகளிடம் சொன்னால் குறள் எண் 396 என்று எங்கள் எட்டாம் வகுப்பு சட்டென்று சொல்லும். வீடியோவை மட்டும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்.

ஃபெட்: ஆய்வகம் இல்லாத பள்ளியின் ஆய்வகம்

ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது இதைத்தான். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் திட்டம். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அடுத்த வருடமே தொடங்கிவைத்தது. மின்சுற்று, ஊசல், அணு அமைப்பு, பின்னம், அமிலம்-காரம் என்று கையால் இழுத்து, மாற்றி, உடனே விளைவைப் பார்க்கும் மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் மொழிபெயர்ப்புகள் என்ற பகுதி இருக்கும், அதில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் இல்லாவிட்டாலும் தயங்க வேண்டாம், திரையில் எழுத்து குறைவு, படம்தான் அதிகம்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. புதிய மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோப்பாக இறங்கும். சில எம்பிதான். பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியில் இரட்டைக் கிளிக் செய்தாலும் பிரவுசரில் திறந்துகொள்ளும். நெட் தேவையில்லை, எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. போனில் திறக்கும்போது எதில் திறக்க என்று கேட்டால் குரோமைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் வகுப்பு மின்னியலை எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன், மற்றவற்றுக்கும் இதே முறைதான். தொடரிணைப்பு, பக்க இணைப்பு இரண்டையும் கரும்பலகையில் போட்டால் பிள்ளைகள் படத்தை அழகாக வரைந்துவிடுவார்கள். இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் திரையை மூடி வைத்துக்கொண்டு முதலில் கேள்வி. மங்கும், அப்படியே இருக்கும், பிரகாசமாகும்: மூன்றில் எது என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் தப்பிக்கக்கூடாது. பிறகுதான் திரை. ஒரு மின்கலம், ஒரு பல்பு, வயர். எரிகிறது. தொடராக இன்னொரு பல்பு. இரண்டும் மங்கும். வகுப்பில் ஒரு ‘ஓ’ கிளம்பும். தப்பாக எழுதியவர்கள்தான் அதிக சத்தம் போடுவார்கள், எனக்கு அது பிடிக்கும்.

அப்புறம் பொருள்களைச் சுற்றுக்குள் வைத்துப் பார்ப்பது. காசு, பேப்பர் கிளிப், அழிப்பான், பென்சில் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. எது கடத்தி, எது அரிதிற்கடத்தி என்று பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். மின்கலத்தின் இரண்டு முனைகளையும் வெறும் வயரால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். அதைக் காட்டிய கையோடு, வீட்டு ப்ளக்கில் எதையும் செருகிப் பார்க்கக்கூடாது என்பதை மூன்று தடவை சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

போன வருடம் இந்தப் பாடத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “டீச்சர், எங்க வீட்ல அம்மா மிக்சி போட்டா லைட்டு மங்குது. அப்ப எங்க வீடு தொடரிணைப்பா?”

“நல்ல கேள்வி கண்ணு, இரு பாக்கலாம்” என்றேன். அந்த நொடியில் எனக்கே பதில் முழுதாகக் கோர்வையாகவில்லை. மாதிரியின் ‘லேப்’ பகுதியில் வயரின் மின்தடையைக் கூட்டும் ஒரு சறுக்குப்பட்டை இருக்கிறது. முதலில் அதைச் சுழியத்தில் வைத்தே பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தோம். முதல் பல்பு அசையவில்லை. பட்டையை நகர்த்தி வயரின் தடையைக் கூட்டிவிட்டு அதையே செய்தோம். முதல் பல்பு மங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை செய்து பார்த்தார்கள். “வயரே நடுவுல கொஞ்சம் எடுத்துக்குது டீச்சர்” என்றான் ஒருவன். அதுதான் விஷயம். வீட்டுக்குள் எல்லாம் பக்க இணைப்புதான். ஆனால் கம்பத்திலிருந்து வீடு வரை வரும் வயர் எல்லாவற்றுக்கும் தொடராக நிற்கிறது. மிக்சி அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது வயரிலேயே மின்னழுத்தம் கொஞ்சம் போய்விடுகிறது, மிச்சம்தான் பல்புக்கு. அவள் வீடு லைனில் கடைசி வீடு. சமையலறையில் குண்டு பல்பு. கேள்வி கேட்ட பிள்ளைக்குத் தன் வீட்டுக் கம்பமே பாடமாகிவிட்டது.

திரையோடு நிறுத்தாதீர்கள். டார்ச் செல் இரண்டு, சின்னக் குண்டு பல்புகள் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். எல்இடி வாங்கினால் அது ஒரு திசையில் இணைத்தால் மட்டுமே எரியும், ஆறாம் வகுப்புக்கு முதலில் குழப்பம்தான் வரும்.

கையால் செய்யும் பொருள்களுக்கு அரவிந்த் குப்தாவின் இணையதளம் இருக்கிறது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பையில் போகும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதைச் சின்னச் சின்ன வீடியோக்களாக, பல மொழிகளில் இலவசமாக வைத்திருக்கிறார். தமிழிலும் உண்டு. உறிஞ்சுகுழலில் ஊதல் செய்து, ஊதிக்கொண்டே நறுக்க நறுக்க சுருதி ஏறுவதைக் காட்டும் செயல்பாடு எட்டாம் வகுப்பு ஒலியியலுக்கு அவ்வளவு பொருத்தம். பிளாஸ்டிக் குழல் இப்போது இல்லை என்பதால் எங்கள் பிள்ளைகள் பப்பாளிக் காம்பில் செய்தார்கள். அந்த வித்தையில் அவர்கள்தான் எனக்கு ஆசிரியர்கள்.

கதைகள்: மூன்று மொழி பேசும் பிள்ளைகளுக்கு

இந்தப் பக்கம் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம், சிலருக்குத் தெலுங்கு. தமிழ் பள்ளிக்கூடத்து மொழி. யானைப் படத்தைக் காட்டினால் ஒருவன் ‘ஆனெ’ என்பான், ஒருத்தி ‘ஏனுகு’ என்பாள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். யானையை என்னைவிட நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள், ராத்திரி ராகிக் காட்டில் பரண் மேல் அப்பாவோடு காவல் இருந்தவர்கள். ஆனால் தமிழ் வார்த்தை வரவில்லை என்பதற்காக வகுப்பில் வாயே திறக்காமல் இருந்துவிடுவார்கள்.

இதற்கு எனக்குக் கிடைத்த வழி ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8, எழுத்தறிவு தினத்தன்று தொடங்கிய தளம். குழந்தைகளுக்கான படக்கதைகள், வாசிப்பு நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். நிலை ஒன்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. ஒரு கதையைத் திறந்தால் அதே கதை வேறு எந்தெந்த மொழியில் இருக்கிறது என்று அங்கேயே காட்டும். படம் அதேதான், எழுத்து மட்டும் மாறும். இலவசமாகக் கணக்குத் தொடங்கி உள்ளே போனால் பிடிஎஃப் ஆக இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை விடாமல் போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

எனக்குக் கன்னடம் பேச வராது, சொந்த ஊர் காவேரிப்பட்டணம். எங்கள் சத்துணவு அக்காவுக்கு நன்றாக வரும். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் அக்காவைக் கூப்பிட்டு, கதையை முதலில் நான் தமிழில் சொல்லிவிடுவேன். அப்புறம் திரையில் படம் மட்டும் போகும், அக்கா கன்னடத்தில் தன் இஷ்டத்துக்குச் சொல்வார். திங்கட்கிழமை அதே கதையின் தமிழ்ப் பிடிஎஃப், கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பேருக்கு ஒன்று. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்தைக் கண்டு பயம் இருக்காது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஜூன் மாதத்திலிருந்து பேர் சொன்னால் எழுந்து நிற்பதோடு சரி. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா ஒரு படத்தைப் பார்த்து நரி என்று சொல்லிவிட்டார். அவன் எழுந்து, “நாயி! நாயி!” என்று விரலை நீட்டித் திருத்தினான். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திங்கட்கிழமை தமிழ்ப் புத்தகத்தில் ‘நாய்’ என்ற சொல்லைத் தேடி அவனே விரல் வைத்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் அவனிடம் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் கன்னடமும் தமிழும் கலந்து பதில் வந்தது. எனக்கு அது போதும்.

அந்தத் தளத்தில் இருக்கும் படங்களை வைத்து நாமே கதை எழுதவும் முடியும். ஐந்தாம் வகுப்பு சேர்ந்து பரண் காவல் பற்றி எட்டுப் பக்கக் கதை செய்தார்கள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல போனில் குரல்வழித் தட்டச்சு. தெளிவாகப் பேசினால் நன்றாகவே விழுகிறது, ஊர்ப் பேரும் மரப் பேரும் மட்டும் தப்பாக வரும், ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள். எழுதியவர் பெயரில் ‘ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்’ என்று மட்டும் போட்டோம். சின்னப் பிள்ளைகளின் முழுப் பெயரையும் படத்தையும் இணையத்தில் ஏற்றுவதில்லை என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.

பென்டிரைவில் ஒரு கலைக்களஞ்சியம்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். அதை மொத்தமாக நெட் இல்லாமல் படிக்க கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. செயலிக்குள் இருக்கும் நூலகத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் விக்கிப்பீடியா, விக்சனரி கோப்புகள் வரும். படத்தோடு உள்ளது பெரியது, படமில்லாதது சிறியது. போனில் இடம் குறைவென்றால் படமில்லாததை எடுங்கள். தினசரி ஒன்றரை ஜிபி டேட்டாவை நம்பி இதில் இறங்க வேண்டாம், வைஃபை உள்ள வீட்டில் இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் ஓசூரில் தங்கை வீட்டில்தான் இறக்கினேன்.

இதில் இன்னொரு வசதி உண்டு. போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கிவிக்ஸில் புத்தகங்களைப் பகிரும் வசதியைத் திறந்தால், அது ஒரு முகவரி காட்டும். பக்கத்துக் கணினியை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அந்த முகவரியைப் பிரவுசரில் தட்டினால் விக்கிப்பீடியா திறக்கும். சிம் கார்டே இல்லாத போனிலும் நடக்கும்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு நடுகல் சாய்ந்து கிடக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘நடுகல்’ என்று தேடி, போரிலும் ஆநிரை மீட்பிலும் இறந்த வீரர்களுக்கு எடுத்த கல் என்று படித்துவிட்டு, “டீச்சர், நாங்க அது மேல உக்காந்து புளியங்கா தின்போம்” என்றான். மறுநாள் நாலு பேர் போய்ச் சுற்றியிருந்த முள்ளை வெட்டிவிட்டு, கல்லில் இருக்கும் உருவத்தை நோட்டில் வரைந்து வந்தார்கள். சமூக அறிவியல் சார் அதை வைத்து இரண்டு பாடவேளை எடுத்தார்.

விக்கிப்பீடியாவில் எல்லாக் கட்டுரையும் ஒரே தரத்தில் இருக்காது. கட்டுரையின் அடியில் சான்று இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நீங்கள் இறக்கிய நாளுக்குப் பிறகு நடந்த மாற்றம் அதில் இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தமிழாசிரியர்களுக்கு மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் தமிழ் நூல்கள், சங்க இலக்கியம் முதற்கொண்டு. இரண்டும் இலவசம், எங்கள் தமிழம்மா வேறெங்கும் தேடுவதில்லை.

கேள்வி கேட்பதற்கு

பிள்ளைகள் கையில் போன் இல்லாமலே வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் சோதிக்க ப்ளிக்கர்ஸ் நல்ல வழி. தளத்திலிருந்து அட்டைகளை இலவசமாக அச்சிடலாம், ஒரு தொகுப்பில் 40. ஒவ்வொரு அட்டையிலும் கட்டம் கட்டமான ஒரு உருவம், நான்கு பக்கத்திலும் சின்னதாக ஏ, பி, சி, டி. பழைய நோட்டு அட்டையில் ஒட்டி, வருகை எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேள்வி கேட்டதும் தன் விடை மேல்பக்கம் வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நாம் போன் கேமராவை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாக நகர்த்தினால், யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒருவர் அட்டை இன்னொருவருடையதைப் போல இருக்காது, பக்கத்தில் பார்த்துப் பிடிக்க முடியாது. கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய உதவி, தப்பு விடை யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பளபளப்பான செல்லோடேப்பை அட்டை மேல் ஒட்டாதீர்கள், வெளிச்சம் பட்டு கேமரா படிக்காது. இதற்கு மட்டும் கொஞ்சம் நெட் வேண்டும். அந்த நாளில் வகுப்பையே புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய்விடுவேன்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். இங்கே பல வீடுகளில் ஒரு பெண் பிள்ளை பத்தாவதோடு நிற்பதா, பன்னிரண்டு வரை போவதா என்பதை அந்தப் பணம்தான் முடிவு செய்கிறது. மனத்திறன், படிப்பறிவு இரண்டு தாளுக்கும் கூகுள் ஃபார்மில் பத்துப் பத்துக் கேள்வியாகப் போடுகிறேன். அமைப்புகளில் வினாடி வினாவாக மாற்றி விடையைக் கொடுத்துவிட்டால் மதிப்பெண்ணை அதுவே போடும். ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் அந்த விடை என்று விளக்கம் எழுதும் இடமும் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். பிள்ளை கற்பது அங்கேதான். மின்னஞ்சல் கேட்கும் பகுதியை அணைத்துவிட்டு, பெயருக்குப் பதில் வருகை எண் மட்டும் கேளுங்கள்.

அப்பா பெங்களூரில் கட்டிட வேலை, போன் அவரோடு போய்விடும், சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வரும். இப்படி எங்கள் வகுப்பில் பல வீடுகள். அதனால் சனி, ஞாயிறு முழுக்க ஃபார்ம் திறந்திருக்கும். போனே இல்லாத பிள்ளைகளுக்கு அதே கேள்விகளை ஜெராக்ஸ் எடுத்து வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுவேன். போன் இல்லாததால் ஒரு கேள்விகூடக் குறையக்கூடாது, இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நமக்காக

ஆசிரியர் கற்றுக்கொள்ள ஐஐடி பம்பாயில் உருவான ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தைப் பாருங்கள். லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருள்களைப் பத்துப் பத்து நிமிடப் பாடங்களாக, தமிழ்க் குரலிலும் சொல்லித்தருகிறார்கள். வீடியோவைப் பாதித் திரையிலும் மென்பொருளை மறுபாதியிலும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்வதைக் கூடவே செய்ய வேண்டும். நான் கேள்வித்தாள் தயாரிக்கக் கற்றது அதில்தான். பழைய எழுத்துருக்களை விட்டுவிட்டு யூனிகோடில் அடிக்கப் பழகுங்கள், அடுத்த கணினியில் எழுத்து கலையாது. அச்சில் உள்ள பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும், பிழை திருத்தினால் போதும். மேற்படிப்பு போல ஆழமாகப் போக விரும்பினால் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் இருக்கிறது. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

எதைத் தொடாமல் விடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்ததும் பெற்றோரின் போன் எண் கேட்கும் எந்தச் செயலியையும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒன்றை நல்ல நம்பிக்கையில் பரிந்துரைத்தேன். ஒரு மாணவியின் அம்மாவுக்குக் கட்டணப் படிப்பில் சேரச் சொல்லித் தினமும் அழைப்பு வந்தது. அவர் தக்காளி பறிக்கும் காட்டில் வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தார், பள்ளியிலிருந்து என்று நினைத்து. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தச் செயலியை நீக்கி, எண்ணைத் தடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது எந்தப் புதுச் செயலியையும் ஒரு மாதம் என் போனில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு

ஒரு வகுப்புக்கு ஒரு வாரத்தில் ஒரே ஒரு பொருள். ஆறுக்கு ஒரு ஃபெட், ஏழுக்கு ஒரு வீடியோ, எட்டுக்கு ஒரு ஃபார்ம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறக்கினால் பார்த்து முடிக்க நமக்கே நேரம் இருக்காது, பார்க்காததைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது. ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் தேட, ஒரு மணி நேரம் சரிபார்க்க. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு தாளில் மாற்றுப் பாடமும் எழுதி வைத்துவிடுங்கள், எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அந்தத் தாள்தான் அதிகம் பயன்படும்.

பென்டிரைவில் இருப்பதை மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். என்னுடையதை ஒரு முறை பஸ்சில் தொலைத்தேன். இப்போது அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டிப் பள்ளியின் பெயரை எழுதியிருக்கிறேன். இந்த ஞாயிறு அதில் ஏற வேண்டியவை: ஏழாம் வகுப்புக்கு ஊசல், மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு நாய்க் கதை.